நின்று போகும் வள்ளங்கள்

வீடியோ அனுப்பிய எல்லோருக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போதும், இனி அனுப்பாதீர்கள். ஒரே வீடியோவைக் கனடாவிலிருந்து ஒருத்தி, லண்டனிலிருந்து ஒருவர், கொழும்பிலிருந்து இன்னொருவர் என்று மாறி மாறி அனுப்பி என் போனை நிரப்பிவிட்டீர்கள். தகரக் கூரைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த உங்களுக்கு ஊர் ஞாபகம் வருவது நியாயம்தான். ஆனால் அந்த வீடியோவில் ஒலிபெருக்கிக்காரர் சொல்கிற வரலாற்றைக் கேட்டுவிட்டு, கீழே இதயப் படமும் கைகூப்பிய படமும் போட்டிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"எங்கடை பட்டினத்து சோடனை வள்ள ஊர்வலம் வன்னி அரசர் காலத்திலை இருந்து வாறது. ஒவ்வொரு துறையிலையும் வள்ளம் நிண்டு, மணி அடிச்சு, கரைச் சனத்தின்ரை தட்டை வாங்கிப் போறது எங்கடை மூதாதையர் வகுத்த ஆதி வழக்கம்."

இதுதான் அவர் சொல்வது. அரசரும் வகுக்கவில்லை, மூதாதையரும் வகுக்கவில்லை. வள்ளம் நின்று போகிற வழக்கத்தை என் அம்மா ஒரு மாலை நேரத்தில், யாரையும் கேட்காமல் தொடக்கிவைத்தார். நான் அதே வள்ளத்தில் மணியோடு உட்கார்ந்திருந்தேன். மணியை அடித்ததும் நான்தான். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுப் போய் மறுபடியும் அரசர் கதையையே சொல்கிறார்கள். நீங்களாவது கேளுங்கள். வீடியோவின் கடைசித் துண்டைப் பற்றி உங்களில் ஒருத்தி ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அதற்கும் பதில் சொல்கிறேன்.

உங்களில் முக்கால்வாசிப் பேர் பட்டினத்துப் பிள்ளைகள். மதகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருகிற எங்களைத் 'தோட்டத்துப் பிள்ளைகள்' என்றுதான் கூப்பிட்டீர்கள். அதற்கு இப்போது கோபம் இல்லை. கோபப்பட வேறு விஷயங்கள் இருக்கின்றன.

மலையில் இனக் குழப்பம் வந்து, தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளைவிட்டு இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வவுனியாவுக்கு வந்து, நெளுக்குளத்தில் ஒரு மரத்தடியில் கொஞ்ச நாள் கிடந்து, பிறகு ஒரு லொறியில் ஏற்றப்பட்டு இங்கே வந்து இறங்கினோம். கடல்நீர் ஏறி நிற்கிற களப்பின் கரையில் பற்றைக் காடு. அதை வெட்டிக் குடிசை போடச் சொன்னார்கள். களப்பை முதன்முதலில் பார்த்த அப்பா, "இது யாரு வெட்டுன கொளம்?" என்று கேட்டார். குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத் துப்பினார். அந்தக் கதையை லொறிக்காரன் பட்டினமெங்கும் சொல்லிச் சிரித்தானாம். பள்ளிக்கூடத்தில் நீங்களும் என்னிடம் சொல்லிச் சிரித்தீர்கள்.

அப்பா முள்ளியவளைப் பக்கம் வயல் வேலைக்குப் போனார். அம்மாவுக்கு வேலை இல்லை. ஆனால் சும்மா இருக்கத் தெரியாது. மாரி முடிந்து களப்பு நிறைந்திருந்த நேரம். கரையோரத்துப் பெண்கள் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதை அம்மா தூரத்தில் நின்று பார்த்தார். ஒரு கிழமை பார்த்தார். பிறகு ஒரு பறியை எப்படியோ தேடி எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள் சீக்கிரம் பிடித்துக்கொண்டன. அன்றைக்குப் பறி நிறைய இறால். அந்த வாசனை எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது. சேறும் உப்பும் கலந்த, கொஞ்சம் இனிப்பான ஒரு பச்சை வாசனை.

கரையேறும்போது கருவாட்டு அக்கா பிடித்துக்கொண்டார். வள்ளமும் வலையும் வைத்திருக்கிற முதலாளியான சம்மாட்டியாரின் வாடியில், அந்தக் கரைக் கொட்டிலில், மீன் கீறிக் காய வைக்கிற பெண் அவர். எங்கள் அம்மாவைவிட வயது குறைவு, குரல் மட்டும் பெரிது.

"ஆரைக் கேட்டு இறங்கினனீ? இது எங்கடை துறை. உங்கடை ஆக்களுக்குத் துறை இல்லை. ஏறு கரைக்கு!"

சொல்லிக்கொண்டே பறியைப் பிடுங்கி மணலில் கவிழ்த்துவிட்டார். இறால்கள் மணலில் துள்ளின. அம்மா வெறும் பறியோடு வந்தார். அன்று சோற்றுக்கு மிளகாயும் உப்பும்தான். எனக்கு அந்த அக்காமேல் வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. பள்ளிக்கூடம் போகும்போது அவர் காயப்போட்ட பாயைத் தாண்டும் ஒவ்வொரு தரமும் காறித் துப்பியிருக்கிறேன்.

துறை என்றால் உங்களுக்குத் தெரியும். தெரியாத மருமக்கள், பேரப்பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். வள்ளம் விடவும் இறால் தடவவும் வலை கழுவவும் ஒரு குறிச்சிக்கு, அதாவது ஊரின் ஒரு பகுதிக்கு, உரிமையான கரைத்துண்டுதான் துறை. துறை இல்லாதவன் களப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், அதற்குள் இறங்க முடியாது. எங்கள் குடிசைக்கு முன்னால் களப்பு, அதில் எங்களுக்குக் கால் நனைக்க இடமில்லை.

அப்பா சம்மாட்டியாரிடம் கேட்கப் போனார். நானும் பின்னால் போனேன். ஊர்வலக் குழுவின் தலைவரும் அவர்தான். சாய்ந்த கதிரையில் இருந்தார். எங்களை இருக்கச் சொல்லவில்லை. ஆனால் முகம் சிரித்தபடிதான் இருந்தது.

"துறை எண்டால் சும்மா கேட்டு வாங்கிற சாமான் இல்லைக் காணும். தைப் பறுவத்துக்குச் சோடனை வள்ளம் விடுற குறிச்சிக்குத்தான் துறை. உங்களிட்டை வள்ளம் இருக்கே?"

"இல்லைங்க."

"பிறகென்ன கதை?"

"இருந்தா விடலாங்களா?"

"ஓம் ஓம், இருந்தால் விடுங்கோவன்," என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அப்பா அதை வாக்காக எடுத்துக்கொண்டார். அவர் அப்படித்தான். பெரிய மனிதர் வாயால் வந்தது வாக்கு என்று கடைசிவரை நம்பினார்.

இப்போது அந்தக் காலத்து ஊர்வலத்தைச் சொல்கிறேன். நீங்கள் மறந்திருப்பீர்கள். சம்மாட்டிமார் நாலைந்து பேர் சேர்ந்து, பெரியாட்களுக்குக் காட்டுவதற்காகத் தொடங்கியது அது. தைப் பறுவத்தன்று, பௌர்ணமி நாளில், பின்னேரம் மேல்துறையில் வள்ளங்கள் புறப்படும். இரண்டு வள்ளத்தைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டு, மேலே கோபுரம், அன்னம், தாமரை என்று கலர்ப் பேப்பரில் சோடனை. முன்வள்ளத்தில் அம்மன் படம். களப்பில் கம்பு நட்டு அடையாளம் வைத்த ஓடை வழியாக மதகடிவரை வந்து திரும்பி, நேராகப் பட்டினத்துத் துறைக்குப் போக வேண்டும். அங்கே மேடையில் கதிரைகள். அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு அதிகாரி வந்து மாலையோடு இருப்பார். அவருக்கு முன்னால் ஒருதரம் நின்று கும்பிட்டுவிட்டுக் கலைந்துவிட வேண்டும். அவ்வளவுதான். வழியில் வாடிகள், குடிசைகள், கருவாட்டுப் பாய்கள் எல்லாவற்றையும் தாண்டித்தான் வள்ளங்கள் போகும். எங்கும் நிற்காது. கரைச் சனம் தூர நின்று பார்க்கும்.

வள்ளத்துக்கு என்ன செய்வது? பட்டினத்தில் இறால் வாங்கி விற்கிற நானாவின் பழைய வள்ளங்கள் இரண்டு கரையில் குப்புறக் கிடந்தன. அப்பா கேட்டதும் கொடுத்துவிட்டார்.

"ஓட்டையெண்டு சொல்லி வச்சிட்டன். பிறகு தாண்டு போனால் என்னைக் கேக்கப்படாது."

அதிலிருந்து பறுவம்வரை எங்கள் குடியேற்றத்தில் ஒரே கூத்துத்தான். தார் காய்ச்சுகிற மணம் சோற்றிலும் வந்தது. ஆண்கள் வயல் வேலை முடிந்து வந்து மதகடியில் வள்ளம் விடப் பழகினார்கள். கோலை ஊன்றினால் கோல் சேற்றில் நிற்கும், வள்ளம் போய்விடும், ஆள் கோலோடு தொங்குவார். சித்தப்பா எத்தனை தரம் விழுந்தார் என்று கணக்கில்லை. மதகின் மேல் நின்று பட்டினத்துப் பெடியள் கைதட்டுவார்கள். சோடனை மட்டும் எங்களுக்குத் தெரிந்த வேலை. தோட்டத்துத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் சப்பரம் கட்டிய கைகள். மூங்கில் கிடைக்காமல் பனஞ்சிலாகையும் பூவரசங்கம்பும் வைத்துச் சட்டம் கட்டினார்கள். பெண்கள் மரவள்ளி மாவில் பசை காய்ச்சினார்கள். சிவப்பு, மஞ்சள் ரிசுப் பேப்பரை மடித்து, வெட்டி, விரித்தால் பூவாக விரியும். என் விரல்களிலிருந்து அந்தச் சிவப்புச் சாயம் நாள் கணக்காகப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் நீங்கள் என்னை மருதாணிக்காரி என்றீர்கள்.

குழுவின் செயலாளர் பார்வையிட வந்தார். வேறு யாருமில்லை, நமது சரித்திர வாத்தியார்தான். வெள்ளை வேட்டி, சைக்கிள், கையில் குடை. சோடனையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் உயரம் கூட. வாடைக்காத்து சரிச்சுப் போடும். குறையுங்கோ. பிறகு ஒண்டு சொல்லுறன், கவனமாய்க் கேளுங்கோ. நேரை போகவேணும். இடையிலை ஒரு இடமும் நிக்கப்படாது. விளங்குதோ?"

"சரிங்க," என்றார் அப்பா.

"நிக்கப்படாது. ஓடை ஒடுக்கம். ஒராள் நிண்டால் பின்னாலை எல்லாரும் நிக்கவேணும்."

"நிக்க மாட்டோங்க."

அம்மா பசைச் சட்டியோடு பக்கத்தில்தான் இருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பறுவமும் வந்தது. எங்கள் வள்ளத்தை வரிசையின் நடுவில் விட்டார்கள். பின்னால் பெரிய குறிச்சி வள்ளங்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் சம்மாட்டியாரின் அன்ன வள்ளம். அதில் ஜெனரேட்டர் பூட்டி மின்குமிழ் போட்டிருந்தது. எங்களுக்கு இரவல் பெற்றோமக்ஸ். பின்கோல் அப்பா, முன்கோல் சித்தப்பா. நடுவில் லயத்துக் கோயிலிலிருந்து கொண்டுவந்த மாரியம்மன் படம். படத்தின் வலப்பக்கம் கற்பூரத் தட்டோடு அம்மா, இடப்பக்கம் கைமணியோடு நான். மணியும் அந்தக் கோயில் மணிதான். மரப்பிடி தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். மற்ற வள்ளங்களில் பெண்கள் யாரும் இல்லை என்பதை ஏறிய பிறகுதான் கண்டேன். பெண்களை ஏற்றக்கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்படி ஒருவர் ஏறுவார் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

வள்ளம் நல்லபடி போனது. அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊறியது, ஒரு மாமா பேணியால் அள்ளி ஊற்றிக்கொண்டே வந்தார். சூரியன் முள்ளியவளைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மேடையில் பாட்டுப் போடுவது காதில் கேட்டது. அப்பாவின் முகத்தில் ஒரு பெருமை. இன்னும் கொஞ்சத் தூரம் நேராகப் போனால் எங்களுக்கும் ஒரு துறை. அவ்வளவுதான் பாக்கி.

வாடிக் குடிசைகளுக்கு முன்னால் வந்தபோது கரையில் கருவாட்டு அக்கா நின்றார். இடுப்பில் கைப்பிள்ளை. ஒரு கை பிள்ளையைப் பிடித்திருந்ததால் கும்பிட முடியாமல் மற்றக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அம்மன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முன்னால் போன வள்ளங்கள் அவரைத் தாண்டிப் போய்விட்டன.

"ஏங்க, நிப்பாட்டுங்க," என்றார் அம்மா.

"எதுக்கு?"

"ஆளு நிக்குதுல்ல."

"நிக்கக் கூடாதுன்னு வாத்தியாரு சொன்னாருல்ல?"

"வாத்தியாரு சொல்லுவாரு. சாமி வருது, ஒருத்தி வாசல்ல நிக்கிறா. தாண்டிப் போனா அது சாமி ஊர்வலமா, லொறியா?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "இவதானே அன்னைக்கு ஒன்னைய வெரட்டுனா?"

"வெரட்டுனா என்ன? வாசலு வாசலுதான்."

இதைத்தான் உங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். தோட்டத்தில் சப்பரம் லயத்துக்கு லயம், வாசலுக்கு வாசல் நின்று போகும். நம்மோடு சண்டை பிடித்தவள் வாசலிலும் நிற்கும். ஒரு வாசலைத் தாண்டிப் போவதென்றால், அந்த வீட்டை ஊரைவிட்டுத் தள்ளிவைத்ததாக அர்த்தம். அம்மாவுக்கு ஊர்வலம் என்றால் அது ஒன்றுதான் தெரியும். கழற்றி எறியக்கூடிய பழக்கமில்லை அது.

அப்பா ஒரு கணம் மேடைப் பக்கம் பார்த்தார். பிறகு கோலைச் சேற்றில் ஆழமாக ஊன்றினார். வள்ளம் நின்றது.

"மணிய அடி புள்ள," என்றார் அம்மா.

அடித்தேன்.

கருவாட்டு அக்கா முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாருக்கோ என்று நினைத்து. பிறகு விளங்கிவிட்டது. குடிசைக்குள் ஓடி, பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டு, ஒரு அலுமினியத் தட்டில் ஒரு பிடி அரிசியும் ஒரு செவ்வரத்தம்பூவும் வைத்து எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தார். இடுப்பளவு தண்ணீர். அம்மா தட்டை இரண்டு கையாலும் வாங்கி, எங்கள் கற்பூரத்தை அதில் வைத்து ஏற்றிக் காட்டி, திருநீறு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அக்காவின் கண் கலங்கியிருந்தது.

"எங்களிட்டையும் வருமே சாமி?" என்று கேட்டார்.

"வரும் தாயி," என்றார் அம்மா.

பிறகு ஒவ்வொரு குடிசைக்கும் நின்றோம். ஒவ்வொரு முன்றிலிலும் நான் மணி அடித்தேன். வாடிச் சனமெல்லாம் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. கையில் கிடைத்ததெல்லாம் தட்டு. ஒருவர் சட்டி மூடியில் வெற்றிலை கொண்டுவந்தார். பின்னால் வள்ளங்கள் ஓடைக்குள் அடுக்கடுக்காய் மாட்டிக்கொண்டு நின்றன. வசவு வந்தது, கூக்குரல் வந்தது. கரையோரமாகச் சரித்திர வாத்தியார் குடையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"விடுங்கோ! வள்ளத்தை விடுங்கோ! அதிகாரி எழும்பப் போறார்!"

இனிச் சொல்வதை நான் என் கண்ணால் கண்டேன். அசைய முடியாமல் நின்ற மற்ற வள்ளங்களுக்கும் சனம் தட்டு நீட்டத் தொடங்கியது. அன்ன வள்ளம் நின்ற இடம் சம்மாட்டியாரின் வாடிக்கு முன்னால். அவருடைய வலை இழுக்கிறவர்களின் பெண்சாதிமார் அவருக்கே தட்டை நீட்டினார்கள். அவருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் பட்டு வேட்டி நனையக் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினார். தன் வாடிப் பெண்களின் கையிலிருந்து அவர் கூலிக் கணக்குத் தவிர வேறெதையும் வாங்கி நான் கண்டதில்லை. முகம் வேர்த்து, கொஞ்சம் சிரித்து, கூச்சப்பட்ட பிள்ளையின் முகமாக இருந்தது.

நாங்கள் மேடைக்கு வந்தபோது அதிகாரி போய்விட்டார். வெறுங்கதிரைகளும் மேசையில் வாடிய மாலையும்தான் இருந்தன. அப்பா அந்தக் கதிரைகளைக் கும்பிட்டார்.

மறுநாள் குழு கூடியது. அப்பா தோய்த்த சேட்டைப் போட்டுக்கொண்டு போனார். நான் வாசலில் நின்றேன்.

"ஆர் நிப்பாட்டச் சொன்னது?" வாத்தியார் கேட்டார்.

"நாந்தாங்க," என்றார் அப்பா.

"வழக்கம் தெரியாத ஆக்களை விட்டால் இப்பிடித்தான். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான்."

சம்மாட்டியார் நேற்றுத் தட்டு வாங்கிய கையால் மீசையைத் தடவினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று கண்டதும் மாறிவிட்டார்.

"நல்ல சனம்தான். ஆனால் ஊர் வழக்கம் தெரியேல்லை. இந்த முறை துறை இல்லை, வள்ளமும் வேண்டாம். வாற வரியம் பாப்பம்."

அந்தப் 'பாப்பம்' இன்றுவரை வரவில்லை. எத்தனை தை போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கத்தினார். "நான் சொன்னேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா தொறை குடுத்துருவாங்களா?" என்றார் அப்பா. பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவேயில்லை. பேசியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். அப்பா இறந்த பிறகும், அவர்தான் ஊர்வலத்தைக் குழப்பியவர் என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள்.

அடுத்த தைப் பறுவம். மதகுக்கு இந்தப் பக்கம் நின்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். வாடிக் கரை முழுவதும் பெண்கள் நேரத்தோடேயே தண்ணீருக்குள் இறங்கி, தட்டோடு வரிசையாக நின்றார்கள். வள்ளங்கள் நேராகப் போகப் பார்த்தன. "போன முறை நிண்டதெல்லே, இந்த முறை ஏன் நிக்கமாட்டியள்?" என்று கருவாட்டு அக்கா போட்ட சத்தம் மதகுவரை கேட்டது. வள்ளங்கள் நின்றன. அதற்கடுத்த வருஷம் குழுவே மணி வாங்கிவிட்டது. ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு மணி. எல்லாம் சேர்ந்து ஒலித்தபோது அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு முகம் கழுவ எழுந்து போனார்.

கருவாட்டு அக்கா அம்மாவைத் தன் துறையில் இறால் தடவக் கூப்பிட்டார். அம்மா போனார். ஆனால் ஒவ்வொரு தரமும் திரும்பும்போது ஒரு பிடி இறாலை அக்காவின் வாசலில் வைத்துவிட்டுத்தான் வருவார். "எதுக்கும்மா?" என்று கேட்டேன். "இரவல் தொறைதானே," என்றார்.

இனி வாத்தியார் கதை. ஒரு வருஷம் வகுப்பில் ஊர்வலத்தைப் பற்றிச் சொல்லித் தந்தாரே, நினைவிருக்கிறதா? வள்ளம் துறைதோறும் நின்று போவது ஆதி வழக்கம் என்றார். நான் எழுந்து, "இல்லை சேர், அது எங்கடை அம்மா..." என்று தொடங்கினேன். "இரு," என்றார். உங்களைத் திரும்பிப் பார்த்தேன். அந்த மாலை கரையில் நின்று பார்த்தவர்கள் உங்களிலேயே எத்தனை பேர்! ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் வேண்டுமென்று பொய் சொன்னதாக அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நல்ல வழக்கம் ஒன்று கூலிக்கு வந்த சனத்திடமிருந்து வந்திருக்கும் என்று அவருக்கு நினைக்கவே தெரியவில்லை. நல்லது என்றால் பழையது, பழையது என்றால் அரசர். அவருடைய சரித்திரம் அவ்வளவுதான். அந்தச் சரித்திரத்தைத்தான் வீடியோக்காரர் இப்போது ஒலிபெருக்கியில் சொல்கிறார்.

பிறகு யுத்தத்தில் நடந்தவற்றை நான் எழுத வேண்டியதில்லை. ஊர்வலமும் நின்றது, ஊரும் நின்றது. ஓடுவதற்கு முன் அம்மா அந்த மணியைச் சேலைத் துண்டில் சுற்றி முருங்கையடியில் புதைத்தார். அம்மா திரும்பி வரவில்லை. நான் வந்தபோது முருங்கை இல்லை, கண்ணிவெடிப் பலகைதான் நின்றது. பலகையை எடுத்த பிறகு வளவு முழுவதும் தோண்டினேன். மணி கிடைக்கவில்லை.

ஊர்வலம் திரும்பத் தொடங்கியபோது எல்லோரையும்போல நானும் சந்தோஷப்பட்டேன். எல்.ஈ.டி. பல்பு, மேலே ஒரு ட்ரோன், பாட்டு, எல்லாம் இருக்கட்டும். இந்த முறை குழுவிடம் போய் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, வரலாற்றைத் திருத்திச் சொல்லுங்கள். இரண்டு, மதகைத் தாண்டி எங்கள் கரைக்கும் வள்ளத்தை விடுங்கள். இப்போது அங்கே தண்ணீர் ஆழம்தான். வீதியும் கரண்டும் வந்துவிட்டன, துறை மட்டும் இன்னும் வரவில்லை.

செயலாளர் இளம் பெடியன், மரியாதையானவன். கதிரை தந்தான், சோடா தந்தான்.

"அன்ரி, நீங்கள் சொல்லுறதுக்கு ஏதும் ஆதாரம் இருக்கே? படம், பத்திரிகை, அப்பிடி?"

"நான்தான் தம்பி ஆதாரம்."

"அது காணாது அன்ரி."

"அப்ப அரசர் காலத்துக்கு உங்களிட்டைப் படம் இருக்கோ?"

அவன் சிரித்தான். நல்ல பகிடி என்று நினைத்துவிட்டான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்று அப்பாவுக்கு முன்னால் சிரித்தவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள்.

"சரி, மதகுக்கு அங்காலை விடுறதுக்கு என்ன?"

"பாதை மாத்தேலாது அன்ரி. ஆதியிலை இருந்து மதகோடை திரும்புறதுதான் வழக்கம். வாற வரியம் பாப்பம்."

இனி வீடியோவின் கடைசித் துண்டு. வள்ளங்கள் வாடிக் கரையில் நின்று, மணி அடித்து, தட்டு வாங்கி, மதகடியில் திரும்புகின்றன. திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம், இருட்டுகிற நேரம், தண்ணீருக்குள் ஒரு கிழவி நிற்கிறாள். வாய் அசைகிறது, பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. ஒலிபெருக்கி மட்டும் கேட்கிறது: "அம்மா, தள்ளி நில்லுங்கோ. இஞ்சை வள்ளம் நிக்கிறேல்லை." அதோடு வீடியோ முடிகிறது. "ஆரடி இது, தண்ணிக்கை நிண்டு கையை ஆட்டுறாள்?" என்று உங்களில் ஒருத்தி கேட்டு, சிரிக்கிற படம் போட்டிருக்கிறாள். மற்றவர்களும் சிரித்திருக்கிறீர்கள்.

அது நான்தான். இத்தனை வருஷமாக உங்கள் பேச்சையே பேசிப் பழகியவள், அந்த நேரத்தில் என் வாயில் அம்மாவின் பேச்சுத்தான் வந்தது. "நிப்பாட்டுங்கப்பா, ஆளு நிக்குதுல்ல!" என்றுதான் கத்தினேன்.

நான் கையை ஆட்டவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கையில் ஒரு தட்டு இருக்கிறது, அதில் ஒரு செவ்வரத்தம்பூவும் ஒரு பிடி அரிசியும் இருக்கின்றன. அதை அன்றைக்கு ஒருவரும் வாங்கவில்லை.